துத்தமும் சுண்ணாம்பும்

கர்நாடகத்தின் மலைநாட்டிலும் வட கேரளத்திலும் தென்மேற்குப் பருவமழையோடு கமுகந்தோட்டங்களில் காயழுகல் நோய் பரவுவது வழக்கம். அதனைத் தடுக்க, மழைக்கு முன்னரே குலைகளின்மீது போர்டோ கலவை தெளிக்கப்படுகிறது. 1885-ஆம் ஆண்டில் பிரான்சில் மில்லார்தே என்பார் திராட்சைக்கெனப் பரிந்துரைத்த கலவையே இது. மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, நீர் 100 லிட்டர் என்பது இன்று வழங்கும் அளவு.

இரசாயனக் கணக்கோ வேறு விடை தருகிறது. மயில்துத்தத்தின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 250, சுண்ணாம்பினுடையது 56. இரண்டும் ஒன்றுக்கு ஒன்றாக வினைபுரிவதால், 1 கிலோ துத்தத்திலுள்ள தாமிரம் முழுவதையும் ஹைட்ராக்சைடாக வீழ்படியச் செய்யச் சுமார் 225 கிராம் சுண்ணாம்பே போதும். அவ்வாறாயின் நான்கு மடங்குக்கு மேல் இடுவானேன்?

சுண்ணாம்பு நம்பத்தக்க பொருளன்று என்பது முக்கியக் காரணம். காற்றுப்படக் கிடந்தால் அது கரியமில வாயுவை ஏற்றுக் கார்பனேட்டாக மாறும். முற்றும் மாறினால் 56 கிராம் 100 கிராமாகிவிடும். எடை கூடும், திறன் குன்றும். தராசு இதனை உணர்த்தாது. சுண்ணாம்பின் திறன் போதாதபோது கரைசலில் எஞ்சும் தாமிரம், காக்க வேண்டிய பயிரையே கருக்கிவிடும்.

ஆகவே தெளிக்குமுன் துலக்கிய இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் கலவையில் அமிழ்த்திப் பார்ப்பர். இரும்பு கரைந்து தாமிரத்தை வெளியேற்றுவதால் அலகில் செந்நிறம் படியுமாயின், அது படியாத நிலை வரும்வரை சுண்ணாம்புப் பாலைச் சேர்த்தல் வேண்டும். துத்தத்தை இரும்புப் பாத்திரத்தில் கரைக்கலாகாது என்பதும் இவ்வினை பற்றியே. வகுப்பில் இதனைக் காட்ட ஓர் ஆணியும் சிறிது துத்தக் கரைசலும் போதும்.