வங்கியில்லா வங்கி – 9: அவர் தூங்கப் போன இரவு

போன வாரம் பணக்குளங்களைப் பார்த்தோம். குளத்தில் டோக்கனைப் போட்டவருக்குக் கட்டணத்தில் பங்கு உண்டு. அவ்வளவு நினைவிருந்தால் போதும்.

ஒரு டிஃபை (வங்கியில்லா நிதிச் சேவை) திட்டம் திறப்பதற்கு முன்னால் எதிர்பார்ப்பை எப்படி வளர்க்கிறார்கள் என்பதுதான் இந்த வாரத்துக்குச் சொல்லியிருந்தது. காத்திருப்போர் பட்டியல், டெஸ்ட்நெட், புள்ளிகள், ஏர்டிராப் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். எமினென்ஸ் என்ற திட்டத்தின் கதையை மறுபடி படித்த பிறகு வேறு எதிலும் மனம் நிற்கவில்லை.

எமினென்ஸை எழுதிய ஆண்ட்ரே குரோன்யே தென்னாப்பிரிக்கர். 2020 ஜூலையில் தன் யெர்ன் என்ற டிஃபை திட்டத்துக்கு ஒய்எஃப்ஐ என்ற டோக்கனை வெளியிட்டார். அதற்குப் பண மதிப்பு எதுவும் இல்லை என்று அவரே அறிவித்தார். அப்போது மொத்தம் 30,000 டோக்கன். முன்விற்பனை கிடையாது, தனக்கென்று ஒன்றைக்கூட ஒதுக்கிக்கொள்ளவில்லை. செப்டம்பரில் ஒன்றின் விலை 40,000 டாலரைத் தாண்டிவிட்டது. அந்த நாளிலிருந்து அவர் கை எங்கே போகிறதோ அங்கே ஆயிரம் கண்களும் போயின.

அந்த மாதக் கடைசியில் எமினென்ஸ் என்ற அந்தப் புதிய விளையாட்டுத் திட்டத்தைப் பற்றி டிவிட்டரில் சில படங்கள் வந்தன. விளக்கம் இல்லை, தேதி இல்லை. குரோன்யே பாதி முடிந்த ஒப்பந்த நிரல்களை எத்தீரியம் சங்கிலியில் ஏற்றிவிட்டுத் தூங்கப் போனார். நேரடிச் சங்கிலியிலேயே சோதித்துப் பார்ப்பது அவர் வழக்கம். திறப்புக்கு இன்னும் மூன்று வாரமாவது ஆகும் என்பது அவர் கணக்கு.

சங்கிலியில் ஏறியது எதுவும் மறைவில் இருக்காது. யாரோ அந்த முகவரியைக் கண்டுபிடித்தார்கள், செய்தி பரவியது. சில மணி நேரத்தில் 1.5 கோடி டாலர் உள்ளே வந்துவிட்டது. அன்றைய மதிப்பில் சுமார் 110 கோடி ரூபாய். சுவர் பூசும் முன்பே பால் காய்ச்சிக் குடிவந்துவிட்டார்கள்.

பிறகு ஒருவர் அத்தனையையும் அள்ளினார். எமினென்ஸ் டோக்கன் பெருகப் பெருக விலை ஏறும், குறைந்தால் இறங்கும் என்று நிரலில் ஒரு வளைவு உண்டு. அதே டோக்கனை எரித்து வேறு டோக்கனாக மாற்றிக்கொள்ளவும் வழி இருந்தது. இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியில்தான் அவர் புகுந்தார். ஒரே பரிவர்த்தனைக்குள் கடன் வாங்கி, அதற்குள்ளேயே திருப்பித் தரும் ஃபிளாஷ் லோன் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வாங்கினார், எரித்தார், விற்றார். குளம் வறண்டது.

அதற்கு அடுத்து நடந்ததுதான் இந்த வாரம் முழுக்க என்னைப் பிடித்து வைத்திருக்கிறது. அள்ளியவரே 80 லட்சம் டாலரைக் குரோன்யேவின் யெர்ன் முகவரிக்குத் திருப்பி அனுப்பினார். ஏன் அனுப்பினார் என்று எந்த நிரலிலும் எழுதியிருக்காது. பணத்தைப் போட்டவர்களுக்கு அதைப் பிரித்துத் தர ஏற்பாடானது. தூங்கி எழுந்த குரோன்யேவுக்கோ மிரட்டல்கள் வந்தன.

எமினென்ஸுக்கு முந்தைய மாதமே, ஆகஸ்டில், யாம் என்ற திட்டம் நிரல் தணிக்கை செய்யப்படவில்லை என்று வெளிப்படையாகவே சொல்லித் திறந்தது. ஒரே நாளில் பல கோடி டாலர் குவிந்தது. இரண்டாவது நாளே பிழை வெளிப்பட்டது. எச்சரிக்கை மறைக்கப்படவில்லை, படிக்கப்படவில்லை. எதிர்பார்ப்பை வளர்க்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: படம் போடும் அன்றே, எந்த முகவரி உண்மையானது, எது இன்னும் சோதனையில் இருக்கிறது, எந்தத் தேதிக்கு முன் பணம் போடக் கூடாது என்பதையும் அதே எழுத்தளவில் போடுங்கள். பிள்ளைகளின் படிப்புக்குச் சேர்த்த பணம்கூட அந்த முகவரிக்கு வரலாம்.

ஏர்டிராப்புக்கு, அதாவது இலவச டோக்கன் விநியோகத்துக்கு, இடமில்லாமல் போய்விட்டது. எமினென்ஸுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால் யூனிஸ்வாப் என்ற டோக்கன் பரிமாற்றத் தளம், செப்டம்பர் 1க்கு முன் தன்னைப் பயன்படுத்திய ஒவ்வொரு முகவரிக்கும் குறைந்தது 400 யூனி டோக்கன் ஒதுக்கியது. பரிவர்த்தனை தோற்றுப்போன முகவரிகளுக்கும்கூட. முன்னறிவிப்பே இல்லாமல் வந்த அந்தப் பரிசுக்குப் பிறகு, ஒவ்வொரு புதுத் திட்டத்தின் வாசலிலும் மக்கள் காத்திருக்கத் தொடங்கினார்கள். அடுத்த வாரம் அந்த 400 யூனியிலிருந்து தொடங்குவோம்.

(தொடரும்)