உஷார்! பட்டாயாவுக்கு முதல் தடவை தனியாகப் போகிறீர்களா?

டிக்கெட் போட்டாச்சா? ஹோட்டல் புக் பண்ணியாச்சா? வீட்டில் "ஆபீஸ் வேலை, பெங்களூரு போறேன்" என்று சொல்லியாச்சா?

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஐந்து நாள் நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்பதே உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. இதை நீங்கள் ஒரு சின்னப் பொய்யாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். திருடன் அப்படி நினைக்க மாட்டான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கே என்பதற்காகத் தாய்லாந்தில் உங்களை யாரும் பிடிக்க மாட்டார்கள். தன்பாலீர்ப்பு அங்கே பல பத்தாண்டுகளாகவே குற்றமில்லை. 2025 ஜனவரி 23 முதல் ஆணும் ஆணும் சட்டப்படி திருமணமே செய்துகொள்ளலாம். தென்கிழக்கு ஆசியாவில் அதைச் செய்த முதல் நாடு அதுதான். ஜோம்தியன் பக்கம் டொங்தான் கடற்கரையில் இரண்டு ஆண்கள் கைகோத்து நடந்தால் திரும்பிப் பார்க்கக்கூட ஆள் இல்லை. ஊரில் இருபத்தைந்து, முப்பது வருஷம் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்த பிள்ளை அங்கே இறங்கியதும் ஒரு பெருமூச்சு விடுவான். விடட்டும். அவனுக்கு அது வேண்டும்.

ஆனால் அந்த மூச்சோடு ஜாக்கிரதையும் சேர்ந்து போய்விடுகிறது. அதற்காகவே காத்திருக்கிற ஆட்கள் அங்கே உண்டு.

ஒரு தம்பிக்கு நடந்ததைக் கேளுங்கள். ஊர், பேர் சொல்ல மாட்டேன். வயது 29. சாப்ட்வேர் வேலை. வாழ்க்கையில் முதல் வெளிநாட்டுப் பயணம். இரண்டு நாள் டொங்தானில் குடை நிழலில் சாய்வு நாற்காலி, சுட்ட இறால், இளநீர். "அந்த ரெண்டு நாள் மாதிரி நான் சந்தோஷமா இருந்ததே இல்லக்கா" என்றான். மூன்றாம் நாள் ராத்திரி டேட்டிங் செயலியில் ஒரு செய்தி. முன்னூறு மீட்டர் தூரத்தில் இருக்கிறேன், வரட்டுமா என்று. நல்ல படம். வந்த முகம் அந்தப் படத்தோடு முழுசாக ஒத்துப்போகவில்லை. இவன் அதைக் கவனித்தான். கேட்கக் கூச்சம், விட்டுவிட்டான். ரிசப்ஷன் வழியாகக் கூட்டிப் போகவும் கூச்சம். கார் நிறுத்தும் பக்கத்து லிஃப்டில் ஏற்றினான். வந்தவன் கையில் இரண்டு பீர் கேன். திறந்தே ஒன்றை நீட்டினான்.

பாதி கேன். அதற்கு மேல் எதுவும் நினைவில்லை.

கண் விழித்தபோது மறுநாள் மதியம் மூன்று மணி. பணம் இல்லை. கார்டு இல்லை. அம்மா போட்டுவிட்ட செயின் இல்லை. போன் இல்லை. தூங்கியவன் விரலை வைத்தே போனைத் திறந்திருக்கிறார்கள். பாஸ்போர்ட்டை மட்டும் கட்டிலுக்கு அடியில் வீசிவிட்டுப் போயிருந்தார்கள்.

கதை அதோடு முடியவில்லை. ஊர் திரும்பிய இரண்டாம் வாரம் ஒரு செய்தி வந்தது. படங்கள். கூடவே ஒரு பட்டியல்: அம்மா, அப்பா, சித்தப்பா, மேனேஜர். ஐம்பதாயிரம் கொடு, இல்லையென்றால் எல்லோருக்கும் போகும் என்று. கொடுத்தான். அடுத்த மாதம் ஒரு லட்சம். அதையும் கொடுத்தான். நான்கு தடவை கொடுத்த பிறகுதான் என்னிடம் வாய் திறந்தான்.

"போலீஸ்ல ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா வீட்டுக்குத் தெரிஞ்சிடும்ல?"

இதுதான் அவர்கள் முதலீடு. உங்கள் வாய் திறக்காது என்று அவர்களுக்கு நிச்சயமாகத் தெரியும்.

எங்கே சறுக்கினான் என்று யோசித்துப் பார்த்தால், பீர் கேனுக்கு முன்னாலேயே சறுக்கிவிட்டான். அந்த லிஃப்ட்! பட்டாயாவில் பல ஹோட்டல்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. இரவில் உங்களோடு வரும் உள்ளூர்க்காரர் தன் அடையாள அட்டையை ரிசப்ஷனில் கொடுத்துவிட்டுத்தான் மேலே போக முடியும். திரும்பும்போது உங்களுக்கு போன் போட்டு எல்லாம் சரியா என்று கேட்டுவிட்டுத்தான் அட்டையைத் திருப்பித் தருவார்கள். அவமானப்படுத்துவதற்கு வைத்த சோதனை என்று நினைக்காதீர்கள். உங்கள் உயிருக்கும் உடைமைக்கும் அதைவிடப் பெரிய பூட்டு கிடையாது. ரிசப்ஷனில் இருப்பவர் இதைத் தினமும் பார்க்கிறார், முகம் சுளிக்க மாட்டார். விருந்தாளிக்குத் தனிக் கட்டணம் கேட்டால் கொடுத்துவிடுங்கள். அட்டை கொடுக்க மறுக்கிறானா? மறந்துவிட்டேன், நண்பனிடம் இருக்கிறது என்கிறானா? அங்கேயே கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள்.

அட்டையில் இன்னொன்றும் தெரியும். வயது. தாய் எழுத்தில் இருப்பது பௌத்த ஆண்டு, அதில் 543-ஐக் கழித்தால் நம் ஆண்டு. பதினெட்டு நிரம்பாதவரோடு உறவு என்றால் ஜெயில். அவனே சம்மதித்தான், பெரியவனாகத் தெரிந்தான் என்றெல்லாம் சொல்லித் தப்ப முடியாது, தப்பவும் கூடாது. பார்களுக்குள் இருபது வயதுக்குக் குறைந்தவர் வரவே கூடாது என்பது அந்த ஊர்ச் சட்டம். சந்தேகம் துளி இருந்தாலும் விலகுங்கள்.

சரி, வேறு எதைப் பார்த்தால் உஷாராக வேண்டும்?

வெளியே ஒரு காபிக் கடையில் பார்க்கலாம் என்று நீங்கள் சொல்ல, நேரே அறைக்குத்தான் வருவேன் என்று அடம்பிடிக்கிறான். உஷார்! "தனியா வந்திருக்கியா? ஊர்ல யாருக்காவது தெரியுமா?" என்று இரண்டு தடவை கேட்கிறான். உஷார்! வாசலில் வந்து நின்றபிறகு "என் நண்பனும் வரான்" என்கிறான். கதவைத் திறக்காதீர்கள். முன்பின் தெரியாதவன் வீடியோ காலில் முகம் தெரிய ஆடை களையச் சொல்கிறான். உடனே துண்டியுங்கள். அது பதிவாகிக்கொண்டிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

குடிப்பதாக இருந்தால் உங்கள் கண்முன் திறந்த பாட்டில் மட்டும். கழிவறைக்குப் போய்விட்டு வந்தால் பாதி மீதமிருந்ததைத் தொடாதீர்கள். நூறு பாத் போனால் போகிறது. பார்களில் நீங்கள் வாங்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு எழுதி உங்கள் மேஜையில் உள்ள சின்னக் குவளையில் போடுவார்கள். அதை அவ்வப்போது எடுத்துப் பாருங்கள். யார் யாருக்கோ நீங்கள் ஊற்றிக் கொடுத்ததாகக் கடைசியில் கணக்கு வந்து நிற்கும்.

"ஐஸ்" என்று ஒன்றை நீட்டுவான். பார்ட்டி என்பான், ஒரு தடவைதானே என்பான். அது மெத் எனும் போதைப்பொருள். தாய்லாந்துச் சட்டத்தில் மிகக் கொடிய வகையில் வைத்திருக்கிறார்கள். போலீஸ் சோதனை போட்டால் அங்கேயே சிறுநீர்ப் பரிசோதனை எடுக்கவும் செய்வார்கள். பாக்கெட்டில் இல்லை என்றால் தப்பித்தோம் என்று இருக்க முடியாது. இன்னொரு கொடுமை: வயாகரா போட்டுவிட்டு பாப்பர்ஸ் முகர்வது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று விழும். உயிரே போகும். இதை எந்தப் பாரிலும் சொல்ல மாட்டார்கள், அதனால்தான் நான் சொல்கிறேன்.

உடம்பு விஷயத்துக்கு வருகிறேன். முகத்தைத் திருப்பாதீர்கள்.

ஆணுறை வேண்டும், அது தெரிந்ததே. அதோடு "ப்ரெப்" மாத்திரை என்று ஒன்று இருக்கிறது. எச்.ஐ.வி. இல்லாதவர், வராமல் தடுக்க முன்கூட்டியே போடுவது. கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே ஊரில் டாக்டரைப் பாருங்கள். எச்.ஐ.வி. பரிசோதனையும் சிறுநீரகப் பரிசோதனையும் பார்த்துவிட்டுத்தான் எழுதுவார். மஞ்சள் காமாலை ஏ, பி தடுப்பூசிகளையும் அப்போதே கேளுங்கள். ப்ரெப் போட்டால் சிபிலிசும் கொனோரியாவும் வராது என்று நினைக்கிறார்கள் பலர். வரும். ஆணுறை அதற்கும்தான்.

எல்லாம் மீறி ஒரு தவறு நடந்துவிட்டதா? உறை கிழிந்ததா? என்ன நடந்தது என்றே நினைவில்லையா? 72 மணி நேரம்! இந்த எண்ணை மனப்பாடம் செய்யுங்கள். அதற்குள் "பெப்" மருந்தைத் தொடங்க வேண்டும். 28 நாள் விடாமல் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நான்கு நாள் தள்ளினால் கதவு மூடிவிடும். பட்டாயாவிலேயே ஸ்விங் அறக்கட்டளையின் மருத்துவமனை இருக்கிறது. பாங்காக்கில் தாய் செஞ்சிலுவைச் சங்கத்தின் பெயர் கேட்காத மருத்துவமனை 1991 முதல் நடக்கிறது. அங்கே உங்களை விசாரணை செய்ய மாட்டார்கள். மருந்துதான் கொடுப்பார்கள்.

திருட்டைவிட எனக்குப் பயம் தருவது வேறொன்று. நான்காம் நாள் காதல்.

சிரிக்கவில்லை தம்பி. ஒருவன் உங்கள் தலையைக் கோதிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டு, கடற்கரையில் எல்லோர் முன்னாலும் கையைப் பிடித்திருப்பான். இதுவரை யாரும் அப்படிப் பிடித்ததில்லை. நெஞ்சு இளகாதா? இளகும். ஊர் திரும்பியதும் அம்மாவுக்கு ஆஸ்பத்திரி, தம்பிக்குப் படிப்பு, வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று செய்தி வரும். அவன் கெட்டவன் என்று நான் சொல்ல வரவில்லை. பார்களில் வேலை செய்யும் பிள்ளைகளில் பலர் ஈசான் என்கிற வறண்ட வடகிழக்குப் பகுதியிலிருந்தும், லாவோஸ், கம்போடியாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். அந்தக் கஷ்டம் நிஜமாகவே இருக்கலாம். அவர்களை மரியாதையாக நடத்துங்கள், பேசிய பணத்தை முழுசாகக் கொடுங்கள். ஆனால் மாதாமாதம் கடன் வாங்கி அனுப்பாதீர்கள். ஆறு மாதம் கழித்து உங்கள் காசில் நேரில் போய்ப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

அதே அன்போடு ஒரு பார்சல் வரும். "சென்னையில் என் நண்பன் வாங்கிக்குவான், மிக்சர் பாக்கெட்தான்" என்று. கையில் வாங்காதீர்கள்! பாங்காக்கிலிருந்து வரும் விமானங்களில் ஹைட்ரோபோனிக் கஞ்சா பிடிபட்டது என்று சென்னை விமான நிலையச் செய்தியை எத்தனை தடவை படித்திருப்பீர்கள். அளவு அதிகமானால் பத்திலிருந்து இருபது வருஷம் உள்ளே. பூட்டிய பெட்டி உங்கள் கையை விட்டுப் போகக் கூடாது.

மற்றதை வேகமாகச் சொல்கிறேன். கடலில் ஜெட் ஸ்கி எடுத்தால் ஏறும் முன் நாலு பக்கமும் வீடியோ எடுங்கள். பழைய கீறலைக் காட்டி ஆயிரக்கணக்கில் பாத் கேட்பது பழைய தந்திரம். ஏறாமலே இருந்தால் இன்னும் நல்லது. பைக் வாடகைக்குப் பாஸ்போர்ட்டை அடகு வைக்காதீர்கள். இருசக்கர வண்டிக்கான சர்வதேச உரிமம் இல்லாமல் ஓட்டி விழுந்தால் காப்பீடு கைவிரிக்கும், ஆஸ்பத்திரி பில் லட்சத்தில் வரும். இ-சிகரெட் தெருவில் விற்றாலும் அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள். அரசரைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். நாட்டுக்குள் நுழையும் முன் மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டிய டிஜிட்டல் வருகை அட்டை இலவசம். பணம் கேட்டால் அது போலித் தளம்.

இனி, நடக்கக் கூடாதது நடந்துவிட்டால்.

1155. சுற்றுலாப் போலீஸ். இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள். ஆங்கிலம் பேசுவார்கள். ஆம்புலன்சுக்கு 1669. இரண்டையும் காகிதத்தில் எழுதி பர்ஸிலும் பெட்டியிலும் வையுங்கள், போன் போய்விட்டால் போனுக்குள் இருக்கும் எண் எதற்கு? அறையில் திருட்டு என்று சொன்னால் போதும், வந்தவன் யார் என்று சொல்ல நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. பட்டாயா போலீசுக்கு அது புதிதும் இல்லை. பாஸ்போர்ட் போயிருந்தால் அந்தப் புகார் நகலோடுதான் பாங்காக் இந்தியத் தூதரகத்துக்குப் போக வேண்டும்.

ஊருக்கு வந்த பிறகு மிரட்டினால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கொடுத்தவனிடம்தான் மறுபடி கேட்பான். செய்திகளை அழிக்காமல் படம் பிடித்து வைத்துக்கொண்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன பிறகு, நீங்கள் யாரோடு இருந்தீர்கள் என்பது நம் நாட்டில் குற்றமில்லை. மிரட்டிப் பணம் பறிப்பதுதான் குற்றம். அந்தத் தம்பிக்கு இது தெரியாமல் போய்விட்டது. நான்காவது தடவை பணம் அனுப்பிய பிறகுதான் தெரிந்தது.

அம்மாவிடம் சொல்ல முடியாது, புரிகிறது. ஒரு நண்பன் இருப்பான். ஒரு தோழி இருப்பாள். ஒரு அக்கா இருப்பாள். ஹோட்டல் பெயர், அறை எண், விமான நேரம், இந்த மூன்றையும் அந்த ஒருவருக்கு அனுப்புங்கள். தினமும் ராத்திரி "வந்துட்டேன்" என்று ஒரு வார்த்தை போடுங்கள். மறுநாள் காலை வரை வரவில்லை என்றால் ஹோட்டலுக்கு போன் போடச் சொல்லி வையுங்கள்.

பெட்டி கட்டுவதற்கு முன்னால், இப்போதே அனுப்புங்கள்.