எந்தக் கிளப்பில் வாள் பிடிப்பது?

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்குள்ள 'ஐ.33' என்ற கையெழுத்துப் பிரதியில், பாதிரியார் ஒருவர் தன் சீடனுக்கு வாளும் சிறு கேடயமும் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறார். கடைசிப் பக்கங்களில் சீடனின் இடத்தில் வால்புர்கிஸ் என்ற பெண் நிற்கிறாள். 14-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான இதுதான், இன்று கிடைக்கும் ஐரோப்பிய வாள்வீச்சு நூல்களிலேயே மிகப் பழையது.

இந்த நூலையும் இதுபோன்ற பழைய நூல்களையும் வைத்துக்கொண்டு வாள் பழகும் குழுக்கள் ஐரோப்பா, அமெரிக்க நகரங்களில் நிறைய உண்டு. வரலாற்று ஐரோப்பியப் போர்க்கலை எனப்படும் இதை, அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஹேமா' என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாக் கிளப்பும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

உள்ளே போனால் கதை வேறு. இடைக்கால நெடுவாள் முறையை வழிவழியாகக் கற்றுத் தந்த ஆசான் எவரும் இன்று இல்லை, சங்கிலி அறுந்துவிட்டது. ஜெர்மன் மரபின் மூலவர் லீக்டனவர் தன் கலையைப் புரியாத செய்யுளாகவே விட்டுப்போனார், கண்டவர்கள் கையில் சிக்கக்கூடாது என்று. பாட்டி போய்ச் சேர்ந்தபின் அவர் எழுதிவைத்த சமையல் குறிப்பு மட்டும் மிஞ்சிய நிலைமைதான்: 'உப்பு தேவையான அளவு' என்றால் எவ்வளவு?

ஆகவே ஒரு கிளப்பில் முதலில் கேட்க வேண்டியது, "எந்த நூலை வைத்துப் பழகுகிறீர்கள்?" என்பதைத்தான். 15-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய இத்தாலியர் ஃபியோரே, மல்யுத்தத்தில் ஆரம்பித்துக் குத்துவாளுக்குப் போய், அதன்பிறகுதான் வாளுக்கு வருகிறார். அவர் வழி நடக்கும் கிளப்பில் வாளைத் தொடுவதற்கு முன் தரையில் உருள வேண்டியிருக்கலாம். 1570-இல் நூல் வெளியிட்ட யோவாகிம் மேயரின் நெடுவாளில் வெட்டுதான் பிரதானம், குத்து குறைவு. 1610-இல் வந்த காப்போ ஃபெர்ரோவின் நூல் காட்டுவதோ ஒற்றைக் கையில் பிடிக்கும் நீண்ட, ஒல்லியான ரேப்பியர். அங்கே குத்துதான் எல்லாம். பயிற்சியாளர் நூலின் பெயரைச் சொல்லி, பக்கத்தையும் புரட்டிக் காட்டினால் நல்ல அறிகுறி. "இது எங்கள் பரம்பரை ரகசியம்" என்றால் அப்படியே திரும்பி நடையைக் கட்டலாம்.

அடுத்தது, ஒரு மாலை ஓரமாக உட்கார்ந்து அவர்கள் மோதுவதைப் பார்ப்பது. ஒலிம்பிக் வாள்வீச்சில் மிகக் கனமான வாளான எப்பே 770 கிராமைத் தாண்டக்கூடாது. பயிற்சி நெடுவாளோ ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. இரண்டு கையாலும் சுழற்றுவது. முனை மழுங்கி, குத்தினால் வளைந்து கொடுக்கும்படி செய்திருந்தாலும் இரும்பு இரும்புதான். ஒலிம்பிக் முகமூடி பின்மண்டையை மூடாது; அதற்குத் தனிக் கவசம் மாட்டியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். பிறகு கை. ஜெர்மன் முறையில் கட்டைவிரலை வாளின் தட்டைப் பகுதியில் வைத்து, பிடியைத் தலைக்கு மேல் தூக்கி, பக்கவாட்டில் சுழற்றும் வெட்டு ஒன்று உண்டு. அந்த நொடியில் விரல்கள் எதிராளியின் வாளுக்கு நேராக வந்து நிற்கும். மெல்லிய தோலுறையோடு முழு வேகத்தில் இதைச் செய்யவிடும் கிளப்பில் எலும்பு முறிவு தேதி குறிக்காமல் காத்திருக்கிறது.

கவசத்தைவிடவும் அதிகம் காட்டிக்கொடுப்பது, புதிதாக வந்தவர் பயத்தில் கண்மூடித்தனமாக ஓங்கி அடிக்கும்போது பயிற்சியாளர் என்ன செய்கிறார் என்பது. நிறுத்தி, வேகத்தைக் குறைத்து, மறுபடி செய்யச் சொல்கிறாரா? சிரித்துக்கொண்டு விட்டுவிடுகிறாரா?

போட்டி ஆசை உள்ளவர்களுக்கு, ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் 2006-இல் தொடங்கிய 'ஸ்வோர்ட்ஃபிஷ்' போன்ற பந்தயங்களுக்கு ஆள் அனுப்பும் கிளப் பொருந்தும். ஏட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரே படத்தைப் பற்றி ஒரு மணி நேரம் வாதாடும் கூட்டங்களும் இருக்கின்றன. போட்டிக்காரர்கள் கேலி செய்தாலும், அந்த வாதம் இல்லாவிட்டால் இந்தக் கலையே மீண்டு வந்திருக்காது.

பல கிளப்புகள் புதியவர்களுக்கு வாளும் முகமூடியும் இரவல் தரும். சொந்தமாக வாங்குவதென்றால் முதலில் முகமூடி, அப்புறம் கையுறை. வாளைக் கடைசியில் வாங்கினால் போதும். நெடுவாள் மோகத்தில் வந்து, சில மாதங்களில் ரேப்பியர் பக்கம் சாய்ந்துவிடுகிறவர்களும் உண்டு.