சடையில் பேன்: கத்தரிக்கோலை எடுக்க முன்

கதிர்காம ஆடிவேல் விழா நெருங்கினால், யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படும் பாதயாத்திரைக்காரர் கல்முனையைக் கடந்து பொத்துவில், உகந்தை என்று கரையோரமாக நடப்பார்கள். அவர்களில் சடைமுடி வளர்த்த சாமிமாரும் உண்டு. கதிர்காமத்தில் சடை வளர்த்த அடியார்களைப் பற்றி மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர 1981இல் தனி நூலே எழுதினார். அந்த அடியார்களுக்குச் சடை தெய்வம் தந்த கொடை. பொத்துவிலுக்குத் தெற்கே அறுகம்பேயில் அலைச்சறுக்கும் இளைஞர் சிலருக்கும் சடை உண்டு. அவர்களுக்கு அது விருப்பம்.

இந்தத் தலைகளில் பேன் பற்றினால் சுற்றியிருப்பவர்கள் சொல்லும் ஒரே வைத்தியம் மொட்டை. அநேகமாக அது தேவையே இல்லை. பேன் தலையில் எங்கே குடியிருக்கிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும்.

தலைப்பேன் எள்ளளவு, 2 முதல் 3 மில்லிமீற்றர். பறக்காது, பாயாது, ஊர்ந்துதான் போகும். நாளுக்குப் பலமுறை இரத்தம் குடிக்க வேண்டும் என்பதால் தலைத்தோலை விட்டு அதிக தூரம் விலகாது. தலையிலிருந்து விழுந்தால் ஓரிரு நாளில் செத்துவிடும். முட்டை பொரிக்கத் தோலின் சூடு வேண்டும். அதனால் ஈரை அரை சென்ரிமீற்றர் அளவுக்குள், மயிரின் அடியிலேயே பசை போட்டு ஒட்டிவிடுகிறது. மயிர் மாதத்துக்குச் சுமார் 1 சென்ரிமீற்றர் வளரும். ஆகவே அந்த அரை சென்ரிமீற்றருக்கு அப்பால் தெரியும் ஈர் பெரும்பாலும் வெறும் கோது. முழங்கால்வரை நீண்ட சடையானாலும் பேனின் வீடு அதன் அடியில்தான்.

சடையில் பேன் பிடிக்காது என்றும் சிலர் நம்புகிறார்கள். ஆபிரிக்க வம்சாவளியினரின் இறுகச் சுருண்ட மயிரைப் பேனின் நகத்தால் எளிதில் பற்ற முடிவதில்லை. அமெரிக்காவில் அவர்களிடம் பேன் குறைவு. அந்தப் பாதுகாப்பு மயிரின் வடிவத்தால் வருவது, சடையால் அல்ல. நம்மவரின் உருண்டையான மயிர் சடையானாலும் பேனுக்குப் பிடி கிடைக்கும்.

பேனுக்கு மனிதன் கண்ட பழைய ஆயுதம் சீப்பு. இஸ்ரேலின் லாக்கிஷில் கிடைத்த, சுமார் 3,700 ஆண்டு பழைய தந்தச் சீப்பில், பேன் ஒழியட்டும் என்ற வேண்டுதலே பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் பேன்சீப்பு சடைக்குள் இறங்காது. அங்கே மருந்துதான் வேலை செய்ய வேண்டும்.

முதலில் சடைகளை விலக்கி, டோர்ச் வெளிச்சத்தில் பிடரியையும் காதுக்குப் பின்புறத்தையும் பாருங்கள். உயிருள்ள பேன் கண்டால் மட்டும் மருந்து. டைமெதிகோன் என்ற சிலிக்கோன் திரவம் பேனை மூடிக்கொள்கிறது. குடித்த இரத்தத்தின் நீரை வெளியேற்ற முடியாமல் பேன் சாகிறது. இதைத் தலைத்தோலிலும் ஒவ்வொரு சடையின் அடியிலும் ஊறும்படி பூச வேண்டும். சில வகை தீப்பற்றும். அடுப்பு, விளக்கு, சிகரட் பக்கம் போகக் கூடாது. கழுவிய பின் சடையின் உட்புறம்வரை நன்றாகக் காய வேண்டும்.

ஒரு தடவையோடு நிறுத்துவதால்தான் பலருக்குப் பேன் திரும்பி வருகிறது. தப்பிய ஈர் 7 முதல் 10 நாளில் பொரிக்கும். பொரித்த குஞ்சு வளர்ந்து முட்டையிட முன், பொதியில் சொன்ன நாளில், இரண்டாம் முறை பூச வேண்டும். பெர்மெத்ரின் என்ற பேன் மருந்துக்குப் பல நாடுகளில் பேன் பழகிவிட்டது. ஐவர்மெக்டின் குளிசையை வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் 15 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் அது பொதுவாகக் கொடுக்கப்படுவதில்லை.

மண்ணெண்ணெய், நுளம்பு ஸ்பிரே, வயலுக்கு அடிக்கும் மருந்து ஆகியவற்றைத் தலையில் தொடவே கூடாது. தோல் வெந்துபோகும், உடம்பில் நஞ்சேறும்.

பேன் தலையோடு தலை முட்டும்போதுதான் பெரும்பாலும் பரவுகிறது. முக்காடு பேனை உண்டாக்குவதும் இல்லை, தடுப்பதும் இல்லை. ஒரே பாயில் படுக்கும் எல்லாருடைய தலையையும் ஒரே நாளில் பார்த்து, பேன் உள்ளவர்கள் எல்லாரும் அன்றே மருந்து பூச வேண்டும்.

புண்ணும் சீழும் வந்து மயிர் தானாகவே ஒட்டிக் கட்டியாகியிருந்தால் அது விரும்பி வளர்த்த சடை அல்ல. கவனிப்பாரற்ற முதியவர்களிடமும் மனநோயாளரிடமும் இதைக் காணலாம். அவர்களை வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். அங்கே வெட்டச் சொன்னால் வெட்டத்தான் வேண்டும். மற்றவர்களை மொட்டையடிக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். பேன் சுத்தக்குறைவின் அடையாளம் அல்ல. ஆண்டுக்கணக்கில் வளர்ந்த சடையைக் காப்பாற்ற இரண்டு வாரப் பொறுமை போதும்.