எனக்குப் பிடிக்கும்: ஸ்பானிஷில் விருப்பத்தைச் சொல்வது

போன எபிசோடைக் கேட்டுவிட்டு ஒரு நேயர் கேட்டிருந்தார்: "யோ என்றால் நான். அப்புறம் ஏன் 'எனக்குக் காபி பிடிக்கும்'னு சொல்லும்போது யோ வரமாட்டேங்குது?" நல்ல கேள்வி. நானும் முதல் மூணு மாசம் "யோ குஸ்தோ" என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஸ்பானிஷை ஆங்கிலம் வழியாகப் படித்ததால் வந்த வினை. அங்கே விரும்புகிறவர்தான் எழுவாய்.

தமிழை நினைச்சுப் பாருங்க. "நான் காபி பிடிக்கும்"னு யாராவது சொல்வோமா? "எனக்கு"ன்னுதானே சொல்றோம். ஸ்பானிஷும் அதே வழிதான். மே என்றால் எனக்கு, தே உனக்கு, நோஸ் எங்களுக்கு. அவனுக்கு, அவளுக்கு, மரியாதையாகச் சொல்கிற உங்களுக்கு, மூன்றுக்கும் லே, பன்மைக்கு லேஸ். "மே குஸ்தா எல் கஃபே", எனக்குக் காபி பிடிக்கும். அந்த "எல்"லை மட்டும் முழுங்கிடாதீங்க.

இன்னொரு சந்தோஷம். ஒருவர் இப்படிச் சொன்னதும் நாம் "நானும்" என்று சொல்வதில்லை, "எனக்கும்" என்கிறோம். அவர்களும் "ஆ மீ தாம்பியென்" என்பார்கள். "யோ தாம்பியென்" இங்கே தப்பு.

ஆனா தமிழ் நம்மை மாட்டிவிடுற இடமும் உண்டு. நம்ம "பிடிக்கும்" அசையவே அசையாது. காபி பிடிக்கும், நாய்கள் பிடிக்கும், உன்னைப் பிடிக்கும். ஸ்பானிஷில் பிடித்த பொருள்தான் எழுவாய், வினை அதன் பின்னால் போகும். ஒன்று என்றால் குஸ்தா, பல என்றால் குஸ்தான்: "மே குஸ்தான் லோஸ் பெர்ரோஸ்". படிப்பது, பாடுவது மாதிரி செயல்கள் எத்தனை அடுக்கினாலும் குஸ்தாதான்.

அப்போ "உன்னைப் பிடிக்கும்"? நம்ம "உன்னை" அங்கே "நீ" ஆகிவிடும், வினை குஸ்தாஸ். "மே குஸ்தாஸ்". இலக்கணம் சரி. இதை நான், வாரம் ஒருமுறை இணையத்தில் என்னோடு ஸ்பானிஷ் பேசிப் பழக்கிய ஒரு மெக்சிகோ அம்மாவிடம் நன்றியோடு சொன்னேன். திரையில் அமைதி. பக்கத்தில் இருந்த அவர் கணவர் சிரிக்க ஆரம்பித்தார். ஆளைப் பார்த்து அப்படிச் சொன்னால் பெரும்பாலும் காதல் தொனிதான். வெறுமனே நல்ல மனுஷர் என்று சொல்ல "மே காயெஸ் பியென்" இருக்கிறது. அவரும் சிரித்துக்கொண்டேதான் திருத்தினார். ஆனாலும் அடுத்த இரண்டு வாரம் நான் அந்தப் பக்கமே போகவில்லை.

பெயரைச் சொன்னாலும் லே விட்டுப்போகக் கூடாது: "ஆ மரியா லே குஸ்தா லா மூசிகா". நமக்கு "மரியாவுக்கு" என்றதோடு முடிந்தது. அவர்களுக்கு "மரியாவுக்கு, அவளுக்கு" என்று இரண்டு தடவை. எனக்கு இன்னும் இதில்தான் வாய் குழறும்.

இதே அச்சில் இன்னும் இரண்டு வினைகள். ஆர்வம் என்றால் இந்தெரேசா: "மே இந்தெரேசா லா இஸ்தோரியா", எனக்கு வரலாற்றில் ஆர்வம். ரொம்ப ரொம்பப் பிடிக்கும் என்றால் என்கான்தா. அதோடு "மூச்சோ" சேர்க்காதீங்க, "ரொம்ப" அதற்குள்ளேயே இருக்கு.

இப்போ ஆடியோவை நிறுத்திட்டு, "எங்களுக்குப் புத்தகங்கள் பிடிக்கும்" என்று சத்தமா சொல்லிப் பாருங்க. சொல்லியாச்சா? "நோஸ் குஸ்தான் லோஸ் லிப்ரோஸ்". குஸ்தா என்று வந்திருந்தால், அது உங்களுக்குள்ளே இருக்கிற தமிழ் பேசியது.