பஞ்சு நனையும் அளவு

எங்கள் வீட்டுச் சாமியறையில் ஒரு பழைய ஜாம் போத்தல் இன்னும் இருக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் இரவில் படித்ததெல்லாம் அதன் வெளிச்சத்தில்தான். அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய், பழைய சைக்கிள் வால்வுக்குள் நுழைத்த நூல்திரி. சுடர் போத்தலுக்குள்ளேயே எரியும். காற்றுக்கு இலகுவில் அணையாது. ஊற்றுகிற வேலை அம்மாவுடையது. ஒரு சொட்டுக் கூடினாலும் முகம் சுருங்கும்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பெற்றோலும் டீசலும் பற்றறியும் அரசின் தடைப் பட்டியலில் ஏறின. தப்பித் தவறி வந்த மண்ணெண்ணெய்க்கு யானை விலை. ஆனாலும் ஊர் முடங்கிவிடவில்லை. மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. குளிர்ந்த எஞ்சினில் பற்றாது. அதனால் சில துளி பெற்றோல் விட்டு மோட்டார் சைக்கிளை உதைத்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அந்தத் துளிகளை ஊசிமருந்துக் குப்பி ஒன்றில் அடைத்துச் சட்டைப் பையில் வைத்திருப்பார் சித்தப்பா. பழைய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார்களும் இப்படித்தான் புகை கக்கிக்கொண்டு ஓடின. மெசினால் இறைத்த தோட்டக்காரர் சிலர் துலாவுக்குத் திரும்பினார்கள். செய்தி நேரத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றுவோம். டைனமோவின் தயவில் ரேடியோ பேசும். கை நோகும்போது அடுத்த ஆள்.

முப்பது வருடம் கழித்து, 2022இல், மறுபடியும் எண்ணெய் இல்லை. அன்று மூடிக் கிடந்தது யாழ்ப்பாணத்துக்கு வரும் பாதை. இப்போது பாதை திறந்திருந்தது. கப்பலுக்குக் கொடுக்க நாட்டிடம் டொலர் இல்லை. ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே விநியோகம் என்று அறிவித்தார்கள். ஆடியில் கியூஆர் அட்டை வந்தது. வாரத்துக்கு இவ்வளவுதான் என்று அளந்தார்கள். இரவு முழுக்க நான் நின்ற வரிசையில் எனக்கு முன்னால் ஒரு ஓட்டோக்காரர். வரிசை அசையும்போதெல்லாம் எஞ்சினைப் போடாமல் வண்டியைக் கையால் தள்ளினார். தாங்கியில் மிச்சமிருந்த எண்ணெயை மறுநாள் உழைப்புக்கு வைத்திருந்தார். அம்மா போத்தலில் காட்டிய கவனத்தை அவர் கையில் கண்டேன்.

ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340க்கு ஏறியது. வெளியிணைப்பு எஞ்சின் வைத்துக் கடலுக்குப் போகிறவர்களுக்கு அது உயிர்நாடி. மீன் படுமா என்ற கவலைக்கு முன்னால் எண்ணெய்க்காசு திரும்புமா என்ற கவலை வந்து குந்தியது. பரணில் கிடந்த சைக்கிள்கள் மட்டும் திரும்பவும் இறங்கின.

சித்தப்பாவின் வித்தை இன்று பலிக்காது. கணினி அளந்து எரிபொருள் பீச்சும் இப்போதைய எஞ்சின் மண்ணெண்ணெயை ஏற்காது. இன்றைய மாற்று வேறிடத்தில் இருக்கிறது. மன்னாரில் 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனி காற்றாலைப் பூங்காவில் 30 விசிறிகள். ஏறத்தாழ 100 மெகாவாட். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் டீசல் இயந்திரத்தை நம்பியிருந்த தீவுகள். அங்கே சூரியனையும் காற்றையும் சேர்த்து மின்சாரம் எடுக்க இந்தியா 1.1 கோடி டொலர் நன்கொடை ஒதுக்கியது. வெயிலும் கச்சான் காற்றும் எங்கள் ஊருக்குப் புதிதல்ல. அவற்றுக்கு யாரும் டொலர் கேட்க மாட்டார்கள். ஆனால் மன்னாரில் மேலும் காற்றாலைகள் வந்தால் வெள்ளம் வடியாது, வலசை வரும் பறவைகளுக்கும் ஆபத்து என்று அங்குள்ள மக்கள் வீதிக்கு இறங்கியதையும் மறக்கக்கூடாது. அந்த மண்ணில் இருப்பவரைக் கேட்காமல் நடுகிற விசிறி அவர்களுக்கு இன்னொரு சுமைதான்.

சூரியத் தகடும் விசிறியும் ஒரு நாளில் முளைக்காது. அதற்குக் காசும் காலமும் வேண்டும். வரிசையில் நிற்கிறவனிடம் இரண்டும் இராது. ஆகவே எண்ணெய் தாராளமாகக் கிடைக்கிற நாள்தான் இந்த வேலைக்கு உகந்த நாள். அன்று அம்மா அளந்தது வேறு வழியில்லாமல். வழி இருக்கும்போதே நாங்கள் அளக்கப் பழகவேண்டும்.