வானத்திலிருந்து பார்த்தால் எது காடு, எது ரப்பர்?

இருமுறை ஒத்திவைக்கப்பட்ட ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடுப்புச் சட்டம், பெரிய, நடுத்தர வியாபார ஸ்தாபனங்களுக்கு 2026 டிசம்பர் 30ஆம் தேதியும், சிறிய ஸ்தாபனங்களுக்கு 2027 ஜூன் 30ஆம் தேதியும் அமலுக்கு வரவிருக்கும் இத்தருணத்தில், குமரி மாவட்டத்தின் குலசேகரம், திற்பரப்பு, பேச்சிப்பாறை வட்டாரங்களிலிருந்து வரும் வாசகர் கடிதங்களில் பயமும் குழப்பமும் சரிபாதியாகக் கலந்திருக்கின்றன. ரப்பர் விளையை ஜி.பி.எஸ். வைத்துக் குறித்துவிட்டால் பட்டாவுக்குப் பங்கம் வருமா என்று கேட்கிறார் ஒருவர். அந்தக் குறிப்பைக் காட்டியே வனத்துறை நிலத்தைக் காடென்று சாதித்துவிடுமோ என்று அஞ்சுகிறார் இன்னொருவர். குறிப்புக் கொடாதவனுடைய ஷீட்டைக் கடையில் எடுக்கமாட்டார்களோ என்பதே பெரும்பாலோரின் கவலை.

2020 டிசம்பர் 31ஆம் தேதிக்குப் பிறகு காட்டை அழித்து உண்டாக்கிய நிலத்தில் விளைந்த ரப்பரோ, அந்த ரப்பரால் செய்த டயரோ ஐரோப்பியச் சந்தைக்குள் பிரவேசிக்கலாகாது என்பதே சட்டத்தின் சாரம். அந்தத் தேதிக்கு முந்தி, எந்தக் கண்டத்தில் எவர் எத்தனை காட்டை அழித்திருந்தாலும் கேள்வியில்லை என்பதையும் இதனுடன் சேர்த்தே படிக்கவேண்டும்.

விளை எங்கே இருக்கிறது என்பதை அட்சரேகை, தீர்க்கரேகைகளாக, தசமப் புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம்வரை தெரிவிக்க வேண்டும். நாலு ஹெக்டேருக்கு, அதாவது ஏறக்குறைய பத்து ஏக்கருக்கு, மேற்பட்ட நிலமானால் எல்லை முழுவதையும் சுற்றிக் குறிக்கவேண்டும், அதற்கு உட்பட்டதானால் ஒற்றைப் புள்ளி போதும். ஆறாவது இலக்கம் பூமியின்மேல் சுமார் 11 சென்டிமீட்டர். 1978இல் முதல் செயற்கைக்கோளை ஏவி அமெரிக்க ராணுவம் தொடங்கிய ஜி.பி.எஸ்., பொதுஜனங்களுக்கென்று வேண்டுமென்றே பிசகு கலந்த சமிக்ஞையைத்தான் 2000 மே மாதம்வரை தந்துவந்தது; அந்தக் கலப்படத்தை நிறுத்திய பிற்பாடே, வாடகைக் காரும் சாப்பாட்டுப் பொட்டலமும் வழி விசாரிக்காமல் நம் வாசலுக்கு வந்து சேரும் காலம் பிறந்தது. அப்படியிருந்தும், திறந்த வானத்தின்கீழ் ஒரு கைப்பேசி காட்டும் இடத்தில் ஐந்து மீட்டர் பிசகு சாதாரணம் என்பதும், இலைகள் மேலே கூரையிட்டு நிற்கும் ரப்பர் விளைக்குள் அது இன்னும் கூடும் என்பதும் பிரத்தியட்சமாயிருக்க, சட்டம் கேட்கும் ஆறு இலக்கங்களில் கடைசி இரண்டும் அலங்காரத்துக்கே பயன்படுகின்றன.

அது போகட்டும். புள்ளி, விளையின் விலாசத்தை மட்டுமே சொல்கிறது. விளையின் பூர்வோத்தரத்தை விசாரிப்பது 2015 முதல் ஏவப்பட்டுவரும் சென்டினல்-2 போன்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள்கள் எடுக்கும் படங்களைக் கொண்டுதான். இந்த ஏற்பாட்டில் வியக்கத்தக்கதும் அஞ்சத்தக்கதும் அந்த விசாரணையே என்பது என் அபிப்பிராயம். இரண்டு கோள்கள் சேர்ந்து ஐந்து நாளுக்கொருமுறை ஒரே இடத்தின்மேல் பறந்து எடுக்கும் படத்தில் மிகச் சிறிய கட்டம் பத்து மீட்டர் சதுரம். நம் கணக்கில் இரண்டரை சென்ட். பச்சை இலையானது வெயிலில் உள்ள சிவப்பை உட்கொண்டு, அதற்கு அப்பால் நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பைத் திருப்பி வீசும் சுபாவமுடையதாகையால், இவ்விரண்டையும் ஒப்பிட்டு, எந்தக் கட்டத்தில் எவ்வளவு இலை நிற்கிறது என்று கணித்துவிடலாம். ஆனால் முற்றிய ரப்பரும் கோதையாற்றுக்கு மேலுள்ள மலைக்காடும் இந்தக் கணிப்பில் ஒரே பச்சையாகத்தான் தெரியும்.

இங்கேதான் யுக்தி. 1876இல் பிரேசிலிலிருந்து விதையாகக் கப்பலேறிய இந்த மரம், வந்த தேசத்திலும் தன் வழக்கத்தை விடாமல், தை மாசியில் இலை முழுவதையும் ஒரேயடியாக உதிர்த்துவிட்டுச் சில வாரங்களில் புதுத் தளிர் போர்த்திக்கொள்ளும். பசுமைமாறாக் காட்டுக்கு அந்தப் பழக்கமில்லை. ஆண்டுக்கணக்கான படங்களைத் தேதிவாரியாக அடுக்கிவைத்தால், பால்வெட்டுக்காரர் கத்தியைக் கீழே வைக்கும் அதே வாரங்களில் பச்சை சட்டென்று சரிந்து மறுபடி ஏறுவதைக் கணினி கண்டுகொண்டு, இது ரப்பர் என்று எழுதிவிடுகிறது.

எழுதுவதெல்லாம் சரியாயிருக்குமா? தேக்கும் ஏறக்குறைய அதே காலத்தில் இலையுதிர்க்கிறது. மழை தப்பிப் பெய்த வருஷத்தில் ரப்பரின் உதிர்வே சீராக நடப்பதில்லை. இருபத்தைந்து சென்ட் விளை பத்துக் கட்டங்களுக்குள் முடிந்துவிடுவதாலும், அதற்குள்ளேயே பலாவும் அயனியும் தென்னையும் கலந்து நிற்பதாலும், அந்தக் கட்டங்கள் எதையும் உறுதியாகச் சொல்வதில்லை. எல்லாவற்றிலும் கொடியது மறுநடவு. இருபத்தைந்து முப்பது வருஷம் பால் தந்து ஓய்ந்த மரங்களை அடியோடு வெட்டிவிட்டுக் கன்று வைப்பது இத்தொழிலின் இயல்பான சுழற்சியாயிருக்க, 2021இல் அப்படி வெட்டிய விளை, 2020இன் பச்சையோடு ஒப்பிட்டுப் பார்ப்பவனுக்குக் காடழித்த நிலமாகவே காட்சியளிக்கும். ரப்பர்த் தோட்டம் விவசாயத் தோட்டமே, காடல்ல என்று சட்டம் திட்டமாகச் சொல்வது மெய்தான், ஐ.நா. உணவு விவசாய ஸ்தாபனமோ தன் காட்டுக் கணக்கில் ரப்பரையும் சேர்த்துக்கொள்கிறது. ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட 2020ஆம் ஆண்டுக் காட்டு வரைபடமும் குறிப்புக்காக மட்டுமே, அதற்குச் சட்ட பலமில்லை என்கிறார்கள். அதிலே தன் சரக்கு விளைந்த இடம் காடென்று நிறம் பூசப்பட்டிருப்பதைக் காணும் வியாபாரி, குலசேகரத்துக்கு ஆளனுப்பி மெய்யைத் தேடுவானா, அந்த விளையைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு அடுத்ததை வாங்குவானா? வரைபடத்தின் பிழையை நிரூபிக்கும் பாரம், நடைமுறையில், அரை ஏக்கர்க்காரன் தலையில்தான் விழும்.

இனி, மற்றக் கேள்விகள்.

இந்தியா குறைந்த அபாயமுள்ள நாடு என்று 2025 மே மாதமே அறிவித்துவிட்டார்களே? சோதனை நூற்றுக்கு ஒன்றாகக் குறையும்; புள்ளி தரும் கடமை குறையாது.

நான் ஐரோப்பாவுக்கு எதையும் அனுப்பவில்லையே? உங்கள் ஷீட்டை வாங்கும் டயர் கம்பெனி அனுப்பக்கூடும்.

ஒட்டுப்பாலுக்கும் உண்டா? உண்டு.

கடையில் பல விளைகளின் ஷீட் ஒன்றாய்க் கலந்துவிட்டால்? கலந்த அத்தனை விளைக்கும் புள்ளி வேண்டும்; ஒன்று தவறினாலும் குவியல் முழுவதற்கும் தடை.

கூடுதல் விலை கிடைக்குமா? மேடையில் சொல்கிறார்கள், சட்டத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை.

பட்டா பாதிக்கப்படுமா? இல்லை, ஆனால் நிலத்தின்மேல் சட்டப்படியான உரிமை இருப்பதையும் சட்டம் எதிர்பார்க்கிறது.

வனத்துறை? இச்சட்டம் அதற்கு எந்த அதிகாரமும் தரவில்லை. எனினும் எடுத்த குறிப்பு எதற்கெல்லாம் பயன்படும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

2020க்குப் பின் மறுநடவு செய்தவர்கள், மரம் விற்ற ரசீது, கன்று வாங்கிய ரசீது, ரப்பர் வாரியத்துக்குக் கொடுத்த மனு, வெட்டுவதற்கு முன் ஷீட் விற்ற பழைய சீட்டுகள் ஆகிய அனைத்தையும் ஜாக்கிரதையாக எடுத்துவைத்து, புள்ளி கேட்டு வருபவரிடம் அவற்றின் நகலையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.